கட்டையில் இல்லாத கத்தி

ஆட்டு மயிர் கருகுகிற வாசனை எங்கே வந்தாலும் என் கால் தானாக நின்றுவிடும். ராயப்பேட்டையில் நின்றிருக்கிறது, பட்டினப்பாக்கத்தில் நின்றிருக்கிறது. போன ஐப்பசியில் நார்வே நாட்டில் போய் நின்றது.

பெர்கன் என்று ஒரு துறைமுக ஊர். என் அக்கா மகன் குமரன் அங்கே கப்பல் பழுதுபார்க்கிற கம்பெனியில் வேலை செய்கிறான். "ஒரு வாட்டியாவது வந்துட்டுப் போ சித்தி" என்று டிக்கெட்டை அனுப்பிவிட்டான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். விமானம் ஏறுவதற்குள் எனக்கு வந்த கவலைகளை எழுதினால் உங்களுக்கே நெஞ்சு வலிக்கும். புடவையில் குத்திய ஊக்கைப் பார்த்து ஆயுதம் என்று பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து எல்லா ஊக்கையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பிறகு முந்தானை நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டே மீனம்பாக்கம் முழுக்க நடந்தேன்.

அந்த ஊரில் மழை ஓய்வதே இல்லை. கொட்டவும் மாட்டேன் என்கிறது, விடவும் மாட்டேன் என்கிறது. ஒருநாள் குமரன் குடை பிடித்து என்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போனான். செங்கல் முகப்பு, வளைவு வளைவாக வாசல்கள், படிக்கட்டு மாதிரி மேலே ஏறிப்போகிற உச்சி. அந்தக் காலத்தில் ஊர்க் கசாப்புக்காரர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே கடை போட்ட இடமாம். இப்போது உள்ளே காபி, ரொட்டி, துணி சோப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி, கண்ணாடிக்குப் பின்னால் ஐஸில் படுத்திருக்கிற மீன். கறியும் இருந்தது, ஆனால் ஒரு ஈ கிடையாது. ஈயே உட்காராத கறியை எப்படி நம்பிச் சாப்பிடுவது என்று எனக்கு அங்கேயும் ஒரு கவலை.

அப்போதுதான் அந்த வாசனை. திரும்பிப் பார்த்தால் ஒரு தட்டில் செம்மறி ஆட்டின் பாதித் தலை. கண், பல் எல்லாம் அப்படியே. மயிரைப் பொசுக்கி, உப்புப் போட்டு, புகையில் தொங்கவிட்டு, அவித்து, உருளைக்கிழங்கோடு வைத்திருந்தார்கள். குளிர்காலம் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் ஆசையாகத் தின்பார்களாம்.

"பாத்தியா சித்தி, உன் ஐட்டம் இங்கயும் கீது!" என்று குமரன் சிரித்தான்.

சிரித்தவன் எதிரில் உட்கார்ந்து முள்கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டான்: "சித்தி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அம்மா இருக்கச்சொல்ல திருப்பித் திருப்பிக் கேட்டா அயுவாங்கன்னு உட்டுட்டேன். எங்கப்பா நெஜமாவே கத்திய இடுப்புல ஒளிச்சு வச்சிகினு இருந்தாரா?"

சின்ன வயதில் விளையாடுகிற இடத்தில் ஒரு பையன் சொன்னானாம், "உங்கப்பன் கத்திய ஒளிச்ச பேமானி" என்று. இத்தனை வருஷம் அதை அடைகாத்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறான். அவன் அப்பா பெயர் ரத்தினம். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவரை யாரும் கொலைகாரர் என்று சொல்லவில்லை, அதைவிட மோசமாகச் சொன்னார்கள். அது ஏன் மோசம் என்று தெரிய வேண்டுமானால் உங்களுக்கு எங்கள் மார்க்கெட்டைச் சொல்லியாக வேண்டும்.

ராயப்பேட்டையில் தகரக்கூரை போட்ட கறி மார்க்கெட். நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் கடைகள், ஓரத்தில் ரத்தத் தண்ணீர் ஓடுகிற சாக்கடை. மாமா கடைக்கு நேர் எதிரில் தாஸ் கடை. நான் மார்க்கெட் வாயிலில் கரியடுப்பு வைத்துத் தலையும் காலும் வாட்டிக் கொடுப்பேன். இரும்புக்கம்பியில் ஆட்டுத்தலையைக் குத்தி, நெருப்பில் காட்டி, மயிர் பொசுங்கினதும் கத்தியால் சுரண்டி, மறுபடி காட்ட வேண்டும். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். எந்தப் பவுடர் போட்டாலும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். உட்கார இடம் கிடைக்கிறதே என்று நான் அதைப் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

அடிதடி அங்கே அன்றாடம். வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டதற்கு அடி, கூப்பிடாததற்கு அடி, தராசை முறைத்ததற்கு அடி. ஒருவன் ஆட்டுத்தொடையைத் தூக்கி இன்னொருவன் வாயில் அடித்தான். முன்பல் தெறித்து யாரோ வாங்கி வைத்திருந்த கொத்துக்கறியில் விழுந்துவிட்டது. பல் கிடைக்கிற வரை அந்தப் பக்கம் வியாபாரமே நின்றது. அடித்தவனும் சேர்ந்துதான் தேடினான். மண்டை உடைந்தவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கறி வெட்டுவதைப் பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுத் தலைப்பாகை மாதிரி இருக்கும்.

ஆனால் இத்தனை கத்தி புழங்குகிற இடத்தில் கத்திக்குத்து கிடையாது. அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சண்டை என்று வாய் விட்டுவிட்டால், முதல் வேலையாகத் தன் பெரிய கத்தியைத் தான் கறி வெட்டுகிற மரக்கட்டையில் ஓங்கிக் குத்தி நிறுத்த வேண்டும். எதிராளியும் அப்படியே. இரண்டு கத்தியின் பிடியும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். அப்புறம்தான் நடைபாதையில் இறங்கி, அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டி, கையாலும் காலாலும் அடித்துக்கொள்வார்கள். தீராத பகை என்றால் தீருகிற வரைக்கும் இதே கதைதான். கறி வெட்டாத நேரமெல்லாம் கத்தி கட்டையில் நிற்க வேண்டும். கட்டையில் இல்லை என்றால் இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒளித்தவன் ஆம்பளையே இல்லை என்பது மார்க்கெட் தீர்ப்பு.

யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

மாமாவுக்கும் தாஸுக்கும் பகை வந்ததும் ஒரு சிரிப்பில்தான். கிடாக்கறிக்குத்தான் மதிப்பு, பெட்டை ஆடு என்றால் வாங்க மாட்டார்கள். அதனால் தொங்கவிட்ட ஆட்டில் விதையை அறுக்காமல் அடையாளத்துக்கு விட்டு வைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் வந்த கூட்டம் நடைபாதையை அடைத்து நிற்கும்போது, மாமா நேராகப் போய் தாஸ் கடையில் தொங்கின ஆட்டின் விதையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். கையோடு வந்துவிட்டது. வெள்ளை நூலும் கூடவே வந்தது.

"வாங்கம்மா வாங்க! பெட்டைய கிடாவா தச்சித் தர்ற டெய்லர் கடை! ஜாக்கெட்டு கீதா, அதுவும் தச்சிக் குட்பான்!"

மார்க்கெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கூட்டம் அப்படியே இந்தப் பக்கம் திரும்பி மாமா கடையில் நின்றது. தாஸ், வண்டியில் வரும்போது பிய்ந்துபோனதைத்தான் தைத்தேன், அதே ஆட்டோடதுதான் என்று கற்பூரம் அடித்துச் சொன்னான். யார் கேட்டார்கள்? அது நிஜமா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவன் பெயர் டெய்லர் தாஸ்.

தாஸ் கத்தியைக் கட்டையில் குத்தினான். "தீவாளிக்குள்ள அந்தக் கைய எட்த்துட்றேன்டா ரத்தினம். எந்தக் கை இய்த்துச்சோ அந்தக் கை."

மாமாவும் குத்தினார். "போடா டெய்லரு. அளவு எட்த்துனு போ, தச்சி எட்த்துனு வா."

அடுத்த நாளே ஒருமுறை உருண்டார்கள். மாமாவுக்கு உதடு கிழிந்தது, தாஸுக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. அதோடு ஆறவில்லை. தீபாவளிக்கு ஒரு பெரிய அடி இருக்கிறது என்று எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குமரன் அப்போது அக்கா வயிற்றில். தாஸ் சொன்னது அவள் காதுக்கும் போய்விட்டது.

"நீ அங்கயே தானே குந்தினு கீற. எங்க ஊட்டுக்காரு கத்திய எடுக்காத பாத்துக்கோயேன்டி."

"நான் இன்னா போலீஸாக்கா? கத்திய எடுக்காத கறி வெட்ட முடியுமா?"

"எனக்கு இவரு கை போனாலும் பரவால்ல. ஆனா இவரு அந்தத் தாஸ வெட்டிட்டு ஜெயிலுக்குப் போய்ட்டா நான் புள்ளையத் தூக்கினு எங்கடி போவேன்?"

மாமா முன்கோபி. அவர் கையில் கத்தி இருந்தால் வெட்டிவிடுவார் என்பதுதான் அவள் பயம் முழுக்க.

தீபாவளி அன்று விடிந்து வெளிச்சம் வந்த நேரம். தெருவெல்லாம் வெடிச்சத்தம், புகை. இட்லிக்குக் கறிக்குழம்பு வைக்க வேண்டும் என்று கூட்டம் அலைமோதியது. அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு, மஞ்சள் வைத்த புதுப்புடவையில், தூக்கும் பையுமாக உள்ளே போனாள். மாமா பின்பக்கம் மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து ஆடு இறக்கப் போயிருந்தார். போன வேகத்தில் அக்கா திரும்பி வந்தாள். பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"இன்னாக்கா, வந்ததும் கெளம்பிட்ட?"

"இட்லி வச்சிட்டேன். நீ நெருப்பப் பாரு."

நான் எதற்குக் கவலைப்பட்டேன் தெரியுமா? யாராவது வீசுகிற வெடி அந்தப் புதுப்புடவையில் விழுந்துவிடுமோ என்று. கவலைப்பட வேண்டியது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்படுவது எனக்குப் பிறவியிலேயே வந்த வரம்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே தாஸ் குரல் கேட்டது. "ஏய்! கட்டை காலியா கீது பார்டா! டேய் ரத்தினம், எங்கடா கத்தி?"

மாமா உரித்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார். நான் கையில் கம்பியோடு எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். அவர் தன் கட்டையைப் பார்த்தார்.

"என்னாண்ட கேக்கற? உன் ஆளுதான்டா எட்த்துனு போய்கீறான். திருட்டு நாய்ங்களா!"

"இடுப்புல வச்சினு டபாய்க்கிறியாடா? லுங்கிய அவுருடா பாக்கலாம்!"

ஆளுக்கு ஆள் எதிராளி வழக்கத்தை மீறிவிட்டான் என்றே நம்பினார்கள். தாஸின் கத்தி கட்டையிலிருந்து கழன்று வந்தது. முதல் வெட்டு மாமா தோளில் இருந்த ஆட்டின் விலாவில் இறங்கியது. மாமா ஆட்டை அவன் மேல் தள்ளிவிட்டு வலது கையை நீட்டித் தடுத்தார். இரண்டாவது வெட்டு மணிக்கட்டுக்குச் சற்று மேலே. தினமும் கேட்கிற சத்தம்தான் அது. எலும்பில் கத்தி இறங்குகிற அதே சத்தம். வெள்ளையாக எலும்பு தெரிந்தது, பிறகு ரத்தம் வந்து அதை மூடியது. மாமா மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். தாஸ் மூன்றாவது தடவை கத்தியை ஓங்கினான்.

நான் எப்போது ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. கையில் கம்பி. கம்பி நுனியில் எரிந்துகொண்டிருந்த ஆட்டுத்தலை. அதோடு தாஸ் கழுத்தில் குத்தினேன். தலை சிதறி, பழுத்த கம்பி அவன் கழுத்தில் பட்டு, 'சுர்'ரென்று தோல் ஒட்டிக்கொண்டது. மனுஷத்தோல் கருகுகிற வாசனைக்கும் ஆட்டுத்தோலுக்கும் வித்தியாசமே தெரியாது. அவன் அலறிக்கொண்டு கத்தியைக் கீழே போட்டான். நான் மாமா மேல் விழுந்து இடுப்பைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஈரல் விற்கிற கவுஸ் பாய் தன் துண்டைக் கிழித்து மாமா கையை இறுக்கிக் கட்டினார்.

அந்த ரத்தத்துக்கு நடுவில் ஒரு அம்மாள் பையை நீட்டி, "ஏம்பா, எனக்குத் தொடக்கறி சொல்லிருந்தேனே" என்று கேட்டாள். தீபாவளி, பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் துணி எடுக்க வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தால் அக்கா அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. டிரம்முக்குள் கையை விட்டு அரிசியோடு கத்தியை வெளியே எடுத்தாள். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றின மாமாவின் கத்தி.

"நான்தான்டி எட்த்துனு வந்தேன். அவரு கையில இல்லாட்டி சண்டையே நடக்காதுன்னு நெனச்சேன்."

நான் கட்டை வழக்கத்தைச் சொன்னேன். அவள் கேட்டு முடிக்கும் வரை என் வாயையே பார்த்தாள். பிறகு தன் கன்னத்தில் தானே பளார் பளார் என்று அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. கையைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை.

மாமா உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் செத்துவிட்டது. விரல் இருந்தது, பிடி இல்லை. அதைவிடப் பெரிய வெட்டு மார்க்கெட்டில் விழுந்தது. ரத்தினம் கத்தியை ஒளித்தான், அதனால்தான் தாஸ் வெட்டினான் என்று பேச்சு. அப்படியானால் இடுப்பில் இருந்த கத்தி எங்கே போனது? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். "மச்சினிச்சி வந்து கட்டிப் புட்ச்சா பாரு, அப்பவே உருவிட்டா." அந்த மச்சினிச்சி நான்தான்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நான் தடுக்கத் தடுக்க, ஒரு காலை நேரம் கத்தியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்தாள். நேராக மாமாவின் கட்டைக்குப் போய், எடுத்த இடத்திலேயே வைக்கிறேன் என்கிற மாதிரி, இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினாள். அவள் எதை நினைத்துச் செய்தாளோ, மார்க்கெட் அதை ஒரே விதமாகத்தான் பார்த்தது. புருஷனுக்குப் பதிலாகப் பெண்டாட்டி சண்டைக்கு வந்துவிட்டாள். தாஸின் தம்பி எதிர்க்கடையிலிருந்து கத்தியோடு எழுந்தான். கவுஸ் பாய் நடுவில் பாய்ந்து அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினார்.

"நான்தான்யா எட்த்தேன்!" என்று அக்கா கத்தினாள். "அன்னிக்கு நான்தான் எட்த்துனு போனேன். என் புருசன் ஒளிக்கல. அவருக்குத் தெரியவே தெரியாது. என் வயித்துப் புள்ள மேல சத்தியம்!"

பிறகு எங்கிருந்தோ ஒரு குரல்: "புருசன் மானத்துக்கு இது ஒட்டுப் போட வந்துகீது பார்ரா. இங்க ஒரு டெய்லரு போதும்மே!"

சிரித்தார்கள். அன்று தாஸைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. யாரோ வீசிய குடல் வந்து அவள் கழுத்தில் விழுந்து புடவையில் வழிந்தது. அக்கா அதை எடுத்துக் கீழே போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் கட்டையில் கத்தி குத்திச் சண்டை போட்டதை நான் பார்க்கவில்லை. எதிராளி குத்துவான் என்ற நம்பிக்கை போய்விட்டது. எல்லார் இடுப்பும் கனமாகிவிட்டது. வாய்ச்சண்டை குறைந்தது, திட்டுவது குறைந்தது, பார்ப்பதற்கு மரியாதையான மார்க்கெட் மாதிரி ஆகிவிட்டது. பொங்கல் சமயத்தில் ஒருவன் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, பக்கத்துக் கடைக்காரன் வயிற்றில் செருகிவிட்டுப் போனான். குத்துப்பட்டவன் பாதி கறியை எடைபோட்டு முடித்திருந்தான்.

மாமா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேனாக நின்றார். இடது கையால் சலாம் வைத்தார். அக்காதான் கடைசி வரை சோறு பிசைந்து கொடுத்தாள். அவள் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். தாஸ் கழுத்தில் தழும்போடு செத்துப்போனான். கவுஸ் பாய் இல்லை. மாமா இல்லை. போன வருஷம் அக்காவும் போய்விட்டாள். தகரக்கூரையைப் பிரித்துக் கண்ணாடிக் கதவு போட்டுக் கட்டடம் கட்டிவிட்டார்கள். கறி தட்டில் வைத்து, பிளாஸ்டிக் சுற்றி, குளிர்பெட்டியில் தூங்குகிறது.

இவ்வளவையும் அந்த நார்வேக் கட்டடத்தில் உட்கார்ந்து குமரனிடம் சொன்னேன். காபி ஆறிப்போனது.

"அம்மாவும் அச்சு அசலா இதையேதான் சொன்னாங்க" என்றான்.

"அப்புறம் இன்னாடா?"

"அம்மா கத்திய எடுத்தத நீ பாத்தியா சித்தி?"

"பையப் பாத்தேன்."

அவன் என் கையைத் தட்டிக்கொடுத்தான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம். "உடு சித்தி. நீயும் அம்மாவும் அக்கா தங்கச்சி. நீ வேற எப்படிச் சொல்லுவ?"

எனக்கு அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. படித்த பிள்ளை, சாட்சி கேட்கிறான். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். தோளில் ஆட்டைச் சுமந்துகொண்டு வந்து, தன் வெறுங்கட்டையைப் பார்த்தபோது மாமாவின் முகம் எப்படி இருந்தது என்பது. வேலை முடிந்து திரும்பினவன், தன் வீடே அந்த இடத்தில் இல்லாமல் போனால் எப்படி விழிப்பான், அப்படி விழித்தார். ஒளித்தவன் முகம் இல்லை அது. அன்று மார்க்கெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் தாஸின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை எடுத்து அவர் பிள்ளையிடம் காட்ட என்னால் முடியவில்லை.